பெரியம்மா இல்லாத வாட்ஸ்அப் குரூப்: முற்றிய புற்றுநோயை வீட்டில் மறைப்பது சரியா?

எங்கள் குடும்பத்தில் இரண்டு வாட்ஸ்அப் குரூப்கள் இருந்தன. ஒன்றில் எல்லாரும் இருந்தோம். குட் மார்னிங், பிறந்தநாள் வாழ்த்து, கோயில் போட்டோ என்று ஓடும். இன்னொன்றில் பெரியம்மா மட்டும் இல்லை. ஸ்கேன் ரிப்போர்ட், டாக்டர் சொன்னது, எவ்வளவு பணம் கட்டணும், அடுத்த கீமோவுக்கு யார் கூடப் போறது... எல்லாம் அதில்தான்.

பெரியம்மா திருமங்கலம் பக்கம் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து மூன்று வருடம் நன்றாகவே இருந்தார். பிறகு முதுகுவலி ஆரம்பித்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், நோய் எலும்புக்குப் பரவியிருந்தது. "அம்மாகிட்ட சொல்ல வேணாம், தாங்க மாட்டாங்க" என்றார் அண்ணன். எல்லாரும் சரி என்றோம். நானும்தான். 'எலும்புத் தேய்மானம்' என்று அவரிடம் சொல்லிவிட்டோம்.

அந்தப் பொய் ஐந்து மாதம் ஓடியது. ஒரு நாள் பீரோவில் இருந்த ஃபைலை எடுத்து, ரிப்போர்ட்டில் இருந்த 'மெட்டாஸ்டேசிஸ்' என்ற ஆங்கில வார்த்தையை எழுத்து எழுத்தாகக் கூகுளில் டைப் செய்து, அவரே கண்டுபிடித்துவிட்டார். நாங்கள் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. "நான் ரூமுக்குள்ள வந்தா எல்லாரும் போனைக் கவுத்து வைக்கிறீங்க. அப்பவே ஏதோ இருக்குன்னு தெரியும்" என்றார். பிறகு ஒன்று சொன்னார்: "என் வளையல் யாருக்குன்னு நான்தானே சொல்லணும்?"

இதைப் படிக்கும் உங்களில் சிலர் இப்போதே அப்படி ஒரு இரண்டாவது குரூப்பில் இருக்கலாம். இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். நோயாளியிடம் எதை, எப்படிச் சொல்வது? வலிக்கு என்ன செய்வது? குழந்தைகளை எப்படிக் கையாள்வது? கவனித்துக்கொள்பவரை யார் கவனிப்பது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'ஸ்டேஜ் 4' என்றால் என்ன?

புற்றுநோய் தொடங்கிய இடத்தை விட்டு உடலின் தொலைவான உறுப்புகளுக்குப் பரவிவிட்டால், பெரும்பாலான வகைகளில் அதை 4-ம் நிலை என்பார்கள். மார்பகத்தில் தொடங்கி எலும்புக்குப் போனால், அது எலும்புப் புற்றுநோய் ஆகிவிடாது. எலும்புக்குப் பரவிய மார்பகப் புற்றுநோய்தான். மருந்தும் அதற்கேற்பவே இருக்கும்.

"ஸ்டேஜ் 4-னா அவ்வளவுதான்" என்பது எல்லாருக்கும் பொருந்தாது. விதைப்பைப் புற்றுநோய் போன்ற சில வகைகளைப் பரவிய பிறகும் குணப்படுத்த முடிகிறது. மார்பகம், புராஸ்டேட் போன்றவற்றில் ஹார்மோன் சிகிச்சையால் பலர் வருடக்கணக்கில் வாழ்கிறார்கள். நுரையீரல் புற்றுநோயில் குறிப்பிட்ட மரபணு மாற்றம் இருப்பவர்களுக்கு, தினமும் ஒரு மாத்திரையே முக்கியச் சிகிச்சையாக இருப்பதுண்டு. ஆனால் பெரும்பாலானவர்களுக்கு, சிகிச்சையின் நோக்கம் இங்கே மாறிவிடுகிறது. நோயை அடியோடு அகற்றுவது என்பது போய், கட்டுக்குள் வைப்பது, நல்லபடியாக வாழும் நாட்களைக் கூட்டுவது என்றாகிறது.

குடும்பத்துக்கு இதுதான் கஷ்டமான இடம். குணமாகும் என்றும் சொல்ல முடியாது, நாளையே ஏதோ ஆகிவிடும் என்றும் சொல்ல முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். ரிப்போர்ட் வரும்வரை வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. நல்ல ரிப்போர்ட் வந்தால் பிரியாணி, இல்லையென்றால் மௌனம். இந்த நடுவாந்தரத்தில் மாதங்களும், சிலருக்கு வருடங்களும் ஓடும். எனவே 'நோய் முடிந்த பிறகு வாழ்க்கையைப் பார்த்துக்கலாம்' என்று எதையும் தள்ளிப்போட முடியாது.

ஏன் மறைக்கிறோம்?

பாசம்தான் காரணம், சந்தேகமே இல்லை. "தெரிஞ்சா மனசு உடைஞ்சிடும், சாப்பிட மாட்டாங்க, சிகிச்சைக்கே வர மாட்டாங்க" என்று நினைக்கிறோம். நம் ஊரில் டாக்டரைப் பார்க்க நோயாளி தனியாகப் போவதில்லை. மகன், மருமகள், தம்பி என்று ஒரு படையே போகும். நோயாளியை வெளியே உட்காரவைத்துவிட்டு, "டாக்டர், எங்ககிட்ட மட்டும் சொல்லுங்க" என்கிறோம். பல டாக்டர்களும் அதை ஏற்றுக்கொள்கிறார்கள்.

ஆனால் நோயாளிகள் முட்டாள்கள் இல்லையே! உடம்பு அவர்களுடையது. ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போதே போர்டு தெரிகிறது. பக்கத்துப் படுக்கையில் இருப்பவர் பேசுகிறார். திடீரென்று பெங்களூரு மகன் மாதம் இரண்டு முறை ஊருக்கு வருகிறான். பல வீடுகளில் நடப்பது என்ன தெரியுமா? நோயாளிக்குத் தெரியும், தனக்குத் தெரியும் என்பது குடும்பத்துக்குத் தெரிந்தால் அவர்கள் உடைந்துவிடுவார்கள் என்று அவரும் மறைக்கிறார். இரண்டு பக்கமும் ஒரே விஷயத்தைத் தெரிந்துகொண்டு, ஒரே வீட்டில் நடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் இழப்பு யாருக்கு? பயத்தைச் சொல்ல ஆள் இல்லாமல் தனியாகப் போவது நோயாளிதான். 'இன்னொரு கீமோ வேண்டுமா, வேண்டாமா' என்ற முடிவு, அதை உடம்பில் தாங்கப்போகிறவருக்குத் தெரியாமலே எடுக்கப்படுகிறது. சொத்து, கடன், பாஸ்வேர்ட், கல்யாணப் பேச்சு, பேசாமல் இருக்கும் தம்பி என்று அவர் முடிக்க நினைத்த வேலைகளுக்கான நேரம் கரைந்துபோகிறது. எங்கள் பெரியம்மா நோய் பரவிய பிறகு 14 மாதம் இருந்தார். அதில் ஐந்து மாதத்தை நாங்கள் எடுத்துக்கொண்டுவிட்டோம். அந்தக் கணக்கு எனக்கு இன்னும் உறுத்துகிறது.

எப்படிச் சொல்வது?

மறைக்கக் கூடாது என்றால், எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிடுவது என்று அர்த்தம் இல்லை. எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை நோயாளியே முடிவு செய்யட்டும். அதற்குச் சில எளிய வழிகள்:

- முதலில் கேளுங்கள். "உங்க உடம்புக்கு என்னன்னு நீங்க நினைக்கிறீங்க?" என்ற கேள்வியில் ஆரம்பித்தால், அவருக்கு ஏற்கெனவே எவ்வளவு தெரியும் என்பது புரியும்.
- அனுமதி கேளுங்கள். "டாக்டர் சொன்னதை விவரமா சொல்லட்டுமா? இல்ல, நாங்களே பார்த்துக்கட்டுமா?" சிலர் "நீங்களே பார்த்துக்கோங்க" என்பார்கள். அதுவும் அவருடைய முடிவுதான். மதியுங்கள்.
- துண்டு துண்டாகச் சொல்லுங்கள். "நோய் திரும்ப வந்திருக்கு" என்று ஒரு நாள். அவர் அடுத்த கேள்வி கேட்கும்போது அடுத்த பதில்.
- பொய் நம்பிக்கை வேண்டாம், நம்பிக்கையே இல்லாமலும் பேச வேண்டாம். "முழுசா குணமாகாதுன்னு டாக்டர் சொல்றார். ஆனா வலி இல்லாம, நடமாட்டத்தோட இருக்க நிறைய செய்யலாம்" என்பது உண்மையும்கூட, ஆறுதலும்கூட.
- அவர் அழுதால் உடனே "அழாதீங்க" என்று நிறுத்தாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், போதும்.

பேலியேட்டிவ் கேர்: கடைசி வாரத்துக்கு மட்டுமானதா?

பேலியேட்டிவ் கேர், அதாவது நோய் ஆதரவு சிகிச்சை என்றதும் "கைவிட்டுட்டாங்க" என்று நினைக்கிறோம். தவறு. வலி, வாந்தி, மூச்சுத்திணறல், தூக்கமின்மை, மனச்சோர்வு, குடும்பத்தின் தவிப்பு எல்லாவற்றையும் கவனிக்கும் மருத்துவப் பிரிவு இது. கீமோ, ரேடியேஷனோடு சேர்த்தே இதை எடுத்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் நடந்து, 2010-ல் வெளியான ஆய்வு ஒன்று மிகப் பிரபலம். பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு குழுவுக்கு அதோடு ஆரம்பத்திலிருந்தே பேலியேட்டிவ் கேர். இரண்டாவது குழுவில் மனச்சோர்வு குறைவாக இருந்தது, வாழ்க்கைத் தரம் மேம்பட்டது. வாழ்ந்த காலத்தின் இடைநிலை அளவும் 8.9 மாதத்துக்குப் பதில் 11.6 மாதமாக இருந்தது.

நம் பக்கத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. 1993-ல் கோழிக்கோட்டில் சில மருத்துவர்களும் தன்னார்வலர்களும் தொடங்கிய அமைப்பிலிருந்து, கேரளம் முழுக்க வீடு தேடி வரும் கவனிப்பு முறை வளர்ந்தது. 2008-ல் கேரள அரசு இதற்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பி.பி., சுகர் மாத்திரை மட்டுமல்ல, வீட்டிலேயே நோய் ஆதரவு சிகிச்சையும் பிசியோதெரபியும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணிலும் விசாரிக்கலாம்.

மார்ஃபின் கொடுத்தால் அடிமையாகிவிடுவார்களா?

வீட்டில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கடுமையான புற்றுநோய் வலிக்கு, டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுக்கும்போது போதைக்கு அடிமையாவது அரிது. ஆரம்ப நாட்களில் தூக்கக் கலக்கம், குமட்டல் இருக்கலாம், பெரும்பாலும் குறைந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் தொடரும், அதற்கு மருந்தைக் கூடவே கொடுக்க வேண்டும். வலி வந்த பிறகு கொடுப்பதைவிட, நேரம் தவறாமல் கொடுப்பதே முறை. திடீரென நீங்களாகவே நிறுத்தவும் கூடாது.

'மார்ஃபின் ஆரம்பிச்சா முடிவு நெருங்கிடுச்சு' என்பதும் சரியல்ல. வலி குறைந்தால் தூக்கம் வரும், நடக்க முடியும், பேரக் குழந்தையை மடியில் வைக்க முடியும்.

பிறகு ஏன் கிடைப்பது கஷ்டமாக இருந்தது? 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடிகளால், லைசென்ஸ் சிக்கலுக்குப் பயந்து பல மருத்துவமனைகள் மார்ஃபினை வாங்கவே இல்லை. 2014-ல் சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனங்களுக்கு நடைமுறை எளிதாக்கப்பட்டது. ஆனாலும் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. வாய்வழி மார்ஃபின் விலை உயர்ந்த மருந்தும் இல்லை. 'இங்கே கிடைக்குமா, இல்லையென்றால் எங்கே கிடைக்கும்?' என்று டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள். "வலியைப் பொறுத்துக்கோங்க" என்பது 2020-களில் ஏற்க வேண்டிய பதில் இல்லை.

"இன்னும் ரெண்டு வாய்"

நம் வீடுகளில் பாசத்தின் மொழி சாப்பாடு. அதனால்தான் சண்டையும் அங்கேயே வருகிறது. அக்கா ரசம் சாதம் பிசைந்து எடுத்து வருவார். பெரியம்மா இரண்டு வாயோடு தள்ளிவிடுவார். அக்கா கண்ணில் தண்ணி.

நோய் முற்றும்போது, உடலின் வளர்சிதை மாற்றமே மாறிவிடுகிறது. பசி குறையும், தசை கரையும். சாப்பிடாததால் மட்டும் இளைப்பதில்லை. நோயும் இளைக்க வைக்கிறது. எனவே திணித்து ஊட்டினால் எடை ஏறிவிடாது. வாந்தி, வயிற்று உப்புசம், மனக்கசப்புதான் மிச்சம். பிடித்ததை, கொஞ்சமாக, பசிக்கும் நேரத்தில் கொடுங்கள். வாய்ப்புண், மலச்சிக்கல் மாதிரி சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

"ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர்" என்பதும் இதே தவிப்புதான். சாதாரண 5% குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. சுமார் 100 கலோரி. கிட்டத்தட்ட இரண்டு இட்லி, அவ்வளவுதான். கடைசி நாட்களில் அந்த நீரே உடம்பில் வீக்கத்தைக் கூட்டலாம்.

பார்க்க வருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முள்சீத்தா இலை, பேக்கிங் சோடா ஃபார்வர்டுகளை அனுப்பாதீர்கள். "எங்க தெருவுல ஒருத்தருக்கு இதே மாதிரிதான்..." என்று கதை சொல்லாதீர்கள். கிரிக்கெட் பேசுங்கள், சீரியல் பேசுங்கள்.

குழந்தைகளிடம் என்ன சொல்வது?

'காதலர் தினம்' படத்தில் நடித்த சோனாலி பிந்த்ரேவை நினைவிருக்கும். தனக்குப் பரவிய புற்றுநோய் இருப்பதாக 2018 ஜூலையில் இன்ஸ்டாகிராமில் அறிவித்தார். அப்போது அவர் மகனுக்கு 12 வயது. அவனிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கி, கடைசியில் நேர்மையாகச் சொல்வதென்று முடிவெடுத்ததையும் வெளிப்படையாக எழுதினார்.

குழந்தைகளுக்கு ஏதோ நடக்கிறது என்பது தெரிந்துவிடும். யாரும் சொல்லாவிட்டால், தாங்களாகவே கற்பனை செய்துகொள்வார்கள். பெரும்பாலும் அது உண்மையைவிடப் பயங்கரமாக இருக்கும். சிறு குழந்தைகளுக்கு மூன்று விஷயங்கள் கண்டிப்பாகத் தெரிய வேண்டும்: இது உன்னால் வரவில்லை, இது தொற்றாது (கட்டிப்பிடிக்கலாம்), உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறோம். நோயின் பெயரையே சொல்லுங்கள். 'காய்ச்சல்' என்று சொல்லிவைத்தால், அடுத்த முறை அவர்களுக்குக் காய்ச்சல் வரும்போது நடுங்கிப்போவார்கள். பள்ளியில் வகுப்பு ஆசிரியருக்கும் தகவல் சொல்லிவிடுங்கள்.

கவனிப்பவரை யார் கவனிப்பது?

பெரும்பாலான வீடுகளில் இந்தப் பொறுப்பு ஒரே ஒருவர் தலையில் விழுகிறது. அந்த ஒருவர் பெரும்பாலும் மனைவி, மகள் அல்லது மருமகள். மகன் பணம் அனுப்புகிறார், வீடியோ கால் வருகிறார். இரவு இரண்டு மணிக்கு எழுந்து பாத்ரூம் கூட்டிப்போவது யார்? அந்த நபர் தூங்கி எத்தனை நாள் ஆகிறது என்று யாராவது கேட்டோமா?

"ஏதாவது வேணும்னா சொல்லு" என்பதில் உதவி எதுவும் இல்லை. "சனிக்கிழமை காலை 10-லிருந்து 2 வரை நான் இருக்கேன், நீ போய்த் தூங்கு" என்பது உதவி. வெளியூரில் இருப்பவர்கள் மருந்து ஆர்டர், இன்சூரன்ஸ் பேப்பர், டாக்டர் அப்பாயின்ட்மென்ட் என்று ஒரு வேலையை முழுதாக எடுத்துக்கொள்ளலாம்.

எரிச்சல் வரும். "எப்போடா முடியும்" என்றுகூட ஒரு நொடி தோன்றும். தோன்றியதற்காக உங்களையே வெறுக்காதீர்கள். களைப்பு அப்படித்தான் பேசும். ஒருவரை இழப்பதற்கு முன்பே துக்கம் தொடங்கிவிடுவதும் இயல்பு. தாங்க முடியவில்லை என்றால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில், 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம்.

பணமும் பேப்பர் வேலையும்

- முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு.
- இ.எஸ்.ஐ. அட்டை உள்ள ஊழியருக்கே புற்றுநோய் வந்தால், தகுதிக்கு உட்பட்டு, ஊதியத்தில் 80% வீதம் இரண்டு வருடம் வரை நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பலன் கிடைக்கும்.
- சிகிச்சைக்கு ரயிலில் போகும் நோயாளிக்கு, மருத்துவமனை சான்றிதழுடன், ஸ்லீப்பர் மற்றும் மூன்றடுக்கு ஏ.சி.யில் முழுக் கட்டணச் சலுகை. உடன் செல்பவருக்கு 75%.
- வங்கி நாமினி, உயில், எல்.ஐ.சி. பத்திரம், போன் பாஸ்வேர்ட்: நோயாளி தெளிவாக இருக்கும்போதே, அவரோடு உட்கார்ந்து சரிபாருங்கள்.
- வென்டிலேட்டர் வேண்டுமா, வேண்டாமா என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க, 2018-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும்.

மாற வேண்டியது எது?

குடும்பங்களை மட்டும் குறைசொல்லி முடித்துவிட முடியாது. "உங்க ரிப்போர்ட்டை யார்கிட்ட சொல்லட்டும்?" என்று முதல் நாளே நோயாளியிடம் கேட்பது டாக்டர்களின் வழக்கமாக வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் மார்ஃபின் தடையில்லாமல் கிடைப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும்; வீடு தேடி வரும் நர்ஸின் வருகை ஒப்புக்கு இல்லாமல் இருக்க வேண்டும். நம் நாட்டில் தனியார் ஊழியர்களுக்கு, நோயுற்ற பெற்றோரைக் கவனிக்கவென்று விடுப்பு தரும் பொதுவான சட்டம் இல்லை. அம்மாவுக்குக் கீமோ என்றால், கேஷுவல் லீவை எண்ணி எண்ணி எடுக்கிறோம், பிறகு சம்பளமில்லா விடுப்பு, பிறகு ராஜினாமா. பெண்கள்தான் முதலில் வேலையை விடுகிறார்கள். ஹெச்.ஆர். கொள்கையில் 'பராமரிப்பாளர் விடுப்பு' என்று ஒரு வரி சேர்ப்பது, அலுவலகத்தில் யோகா தினம் கொண்டாடுவதைவிடப் பயனுள்ளது.

ஆனால் இரண்டாவது வாட்ஸ்அப் குரூப்பை மூட, எந்தச் சட்டமும் தேவையில்லை.

ஃபைலைப் பார்த்த அன்று இரவே பெரியம்மாவை அதில் சேர்த்தோம். அவர் அனுப்பிய முதல் வாய்ஸ் நோட் பதினைந்து செகண்ட்கூட இருக்காது. "இனிமே ஸ்கேன் ரிப்போர்ட் வந்தா மொதல்ல எனக்கு அனுப்புங்க. நான் பார்த்துட்டு உங்களுக்குச் சொல்றேன்."

மீதி ஒன்பது மாதத்தில் ஆறு வருடமாகப் பேசாத தம்பியிடம் அவரே போன் போட்டுப் பேசினார். நான்காவது கீமோவுக்குப் பிறகு "போதும்" என்று அவரே டாக்டரிடம் சொன்னார். வளையலை அண்ணிக்குக் கொடுத்தார். நாங்கள் யாரும் எதிர்பார்க்காத முடிவு அது. வீட்டில் அழுகை இருந்தது, சண்டையும் இருந்தது. ஆனால் அவர் ரூமுக்குள் வரும்போது யாரும் போனைக் கவிழ்த்து வைக்கவில்லை.